நடுங்காத கை

நர்ஸ் கையை நீட்டச் சொன்னார். கட்டிலில் உட்கார்ந்திருந்த சலூன்காரர் இரண்டு கைகளையும் நீட்டினார். இடது கை வழக்கம்போல வெடவெடவென்று ஆடியது. வலது கை ஆடவில்லை.

நேற்றுக் காலையில்கூட இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு ஆடியவைதான். நர்ஸுக்கே சந்தேகமாக இருந்தது. புறங்கையின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்ப்பது அந்த வார்டின் வழக்கம். குடியையும் போதை மாத்திரையையும் விடுவதற்காக வந்து படுத்திருப்பவர்களின் நடுக்கம் கண்ணுக்குத் தப்பினாலும் தாளுக்குத் தப்பாது. இடது கையின் மேல் வைத்த தாள் படபடத்துத் தரையில் விழுந்தது. வலது கையின் மேல் வைத்தது மேஜைமேல் வைத்த மாதிரி கிடந்தது. மின்விசிறிக் காற்றுக்கு அதன் ஓரம் மட்டும் லேசாக எழும்பி அடங்கியது.

"என்னங்க ஐயா, ஒரு கை மட்டும் முன்னாடியே வீட்டுக்குக் கிளம்பிடுச்சு போல?" என்றார் நர்ஸ்.

சலூன்காரர் சிரித்துவைத்தார். கை தானாக நின்றிருந்தால் அவர் எழுந்து ஆடியே இருப்பார். அது தானாக நிற்கவில்லை. யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டுக்குக் கீழே நான்கு விரல்கள், மேலே ஒரு கட்டைவிரல். இப்போதுதான் கழுவிவிட்டுத் துடைக்காமல் வந்த கை மாதிரி ஈரமும் குளிர்ச்சியுமாக ஒரு பிடி. அழுத்தவில்லை, வலிக்கவில்லை. விடவும் இல்லை.

"உடம்புல ஏதாவது ஊர்ற மாதிரி, யாராவது தொடற மாதிரி இருக்கா?" நர்ஸ் வேளாவேளைக்குக் கேட்கிற கேள்வி அது.

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காரணம் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள், சுவரிலிருந்து பூனைகள் இறங்கி வருவதாகச் சொன்னதும், அவரைத் தனி அறைக்கு மாற்றி, ஊசியைக் கூட்டி, கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். மெத்தென்ற நல்ல துணிதான். இருந்தாலும் கட்டு கட்டுதான். அந்த ஆள் எப்போது வீட்டுக்குப் போவார் என்று டாக்டருக்கே தெரியாது.

சலூன்காரருக்கோ போயாக வேண்டும். கத்தி பிடிக்கிற கை அது. காலையில் கடைக்குள் நுழைந்ததும் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு மடக்கு குடிப்பார். அது உள்ளே போனால்தான் விரல் நிற்கும், விரல் நின்றால்தான் கத்தி நிற்கும். அந்த ஒரு மடக்கு போதாமல்போய்த் தூக்க மாத்திரையும் அதோடு சேர்ந்துகொண்டது. எதனால் கை நடுங்கியதோ அதையே மருந்தென்று விழுங்கிக்கொண்டிருந்தார் மனிதர். கடைசியில் ஒரு நாள் சொந்த மாப்பிள்ளைக்கு ஷேவ் செய்யும்போது கத்தி வழுக்கித் தாடையில் ஆழமாக இறங்கிவிட்டது. மாப்பிள்ளை தங்கமான மனிதர். ரத்தம் சொட்டச் சொட்டத் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு "பரவாயில்ல மாமா, பரவாயில்ல" என்றார். மகள் அப்படிச் சொல்லவில்லை. கடைச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கை நின்னா சாவி. நிக்கலன்னா கடையை வேற ஆளுக்கு விட்டுடுவேன். அவ்வளவுதாம்ப்பா" என்று சொல்லித்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். சொல்லும்போது அவள் குரலும் நடுங்கியதை அவர் கவனித்தார். பெற்ற பெண் முன்னால் தலைகுனிந்து நிற்பதைவிடச் செத்துப்போகலாம் என்று அன்றைக்கு நினைத்தார்.

நேற்று மத்தியானம்தான் அது நடந்தது. மத்தியான மாத்திரை கொடுத்ததும் வார்டே அடங்கிவிடும். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று எல்லாரும் சொல்வதால் பகலிலேயே பச்சைத் திரையை இழுத்துவிடுவார்கள். அந்தப் பச்சை இருட்டில் பினாயில் வாசனையும், வியர்வையில் ஊறிய போர்வைகளின் புளித்த வாசனையும், எங்கோ எண்ணெய் போடாத ஒரு தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிரீச்சும், சலைன் பாட்டிலில் சொட்டு விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஓய்ந்த கண்களும்தான் மிச்சம். அவருக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை. காலை நீட்டினால் மடக்கத் தோன்றியது, மடக்கினால் நீட்டத் தோன்றியது. எழுந்து ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார், செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். தோலுக்குள் இன்னொரு ஆள் புரண்டு படுக்கிற மாதிரி இருந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று டம்ளரை எடுத்தார். பாதி மார்பில், மீதி தரையில். ஒரு வாய் தண்ணீருக்குக்கூட வக்கில்லாத கை.

அழுதுவிட்டார். வெறும் காற்றைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "யாராச்சும் இந்தக் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்களேன். பிடிச்சுக்கிட்டு விட்டுடாதீங்க."

சொல்லி முடித்ததும் தள்ளுவண்டிச் சத்தம் நின்றது. வெகு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு படுக்கையின் ஓரம், யாரோ உட்கார்ந்த மாதிரி, லேசாக அமுங்கியது.

அதற்குப் பிறகு தூங்கியது தெரியாது. இன்று இப்படி.

டாக்டர் வந்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முட்டியில் தட்டினார், தன் விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னார். "ஒரு கை மட்டும்னா கொஞ்சம் ஆச்சரியம்தான். அழுத்திப் பிடிச்சு மறைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"நான் பிடிக்கல டாக்டர்."

அது பொய்யில்லை. டாக்டரும் அதற்குமேல் கேட்கவில்லை. மணிக்கட்டில் வெளிறிய நான்கு பள்ளங்கள் தெரிந்தன. பிரஷர் பார்க்கிற பட்டையை இறுக்கிக் கட்டியிருப்பார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பட்டையைக் கட்டுவது மேல்கையில். இது டாக்டருக்கும் தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் தோன்றவில்லை.

அடுத்த கட்டில் ஒரு லாரி டிரைவருடையது. ஆள் மலை மாதிரி. தாடி காடாய் வளர்ந்து கிடந்தது. வார்டுக்குள் பிளேடு, கத்தரி எதையும் விடமாட்டார்கள். அதனால் எல்லார் முகமும் அப்படித்தான். சலூன்காரருக்கு அந்தத் தாடிகளைப் பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுக்கும்.

"அண்ணே, வெளிய போனதும் முதல் ஷேவ் எனக்குத்தான். இப்பவே சொல்லி வைக்கிறேன்" என்பான் டிரைவர்.

"என் மாப்பிள்ளை முந்திக்கிட்டாரு தம்பி. அவரு முகத்துலதான் ஆரம்பிக்கணும்னு மக சொல்லிட்டா."

"வெட்டின இடத்துலயே திரும்பவுமா? துணிச்சலான ஆளுதான்!" டிரைவர் கட்டில் குலுங்கச் சிரித்தான்.

மறுநாள் காலை இடது கையும் நின்றுவிட்டது. இரண்டு தாள்களும் அசையாமல் கிடந்தன. நர்ஸ் கை தட்டினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்து வாழ்த்தினார்கள். பார்வையாளர் நேரத்தில் மகள் வந்தபோது அவரைத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் இருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது! அந்தச் சந்தோஷத்தில் பயம்கூட அரைகுறையாக மறந்துபோயிற்று. பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும். எதுவாக இருந்தால் என்ன, நல்லதுதானே செய்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அன்று மத்தியானம்.

பச்சை இருட்டு. மாத்திரை மயக்கம். கண்ணிமை கனக்கிறது, கால் மட்டும் போர்வைக்குள் சும்மா இருக்காமல் உதறிக்கொண்டே இருக்கிறது. அப்போது கன்னத்தில் ஏதோ பட்டது.

ஒரு கட்டைவிரல். காதுக்கு முன்னால், கிருதா முடிகிற இடத்தில் அமர்ந்து, தோலை மேல்பக்கமாக இழுத்துப் பிடித்தது. பிறகு தாடைக்கு மேல் ஒரு சுண்டுவிரல் வந்து ஊன்றியது. அவருக்கு அந்தத் தொடுகை தெரியும். கத்தி வழுக்காமல் இருக்க முகத்தில் சுண்டுவிரலை ஊன்றுவது தொழில் தெரிந்தவன் செய்வது. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது. யாரோ அவருக்கு ஷேவ் செய்யப் பார்க்கிறார்கள்.

கண்ணைத் திறந்தார். எதிரே யாரும் இல்லை. அவருடைய கைகள்தான் அவர் முகத்துக்கு மேலே இருந்தன. இடது கட்டைவிரல் தோலை இழுத்துப் பிடித்திருந்தது. வலது கையில் ஒன்றும் இல்லை. ஆனால் விரல்கள் கத்தியைப் பிடிக்கிற கோணத்தில் மடங்கியிருந்தன. வெறும் காற்றால், மெதுவாக, காதிலிருந்து தாடைக்கு ஓர் இழுப்பு. நிறுத்தம். மறுபடி ஓர் இழுப்பு. பழகிக்கொண்டிருந்தது.

கைகளைக் கீழே இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை. கத்தப் பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு மாத்திரை அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

விழித்தபோது வார்டில் ஒரே களேபரம். விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். டிரைவரின் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். டிரைவர் எழுந்து உட்கார்ந்து, மயக்கம் தெளியாமல் தன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கன்னம் பழையபடி காடு. இடது கன்னத்தில் ஒரு மயிர் இல்லை. வழவழவென்று, சின்னக் குழந்தையின் கன்னம் மாதிரி.

"யாரு செஞ்சது? யாரு பிளேடு கொண்டாந்தது உள்ள?" நர்ஸ் குரல் கிறீச்சிட்டது. மெத்தைகளைப் புரட்டினார்கள். அலமாரிகளை உதறினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. டிரைவரின் மனைவிதான் யாருக்கும் தெரியாமல் வந்து செய்திருப்பாள் என்று முடிவுக்கு வந்தார்கள்.

சலூன்காரர் தள்ளி நின்று பார்த்தார். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிருதாவை ஒரு நூல் சாய்வாக நிறுத்துவது, தாடை வளைவில் கத்தியைத் திருப்பாமல் தோலைத் திருப்புவது. தன் கையெழுத்தைத் தானே பார்க்கிற மாதிரி இருந்தது.

விரலை மோந்து பார்த்தார். சோப்பு. நகத்துக்கடியில் பொடிப் பொடியாகக் கறுப்பு மயிர்.

தன் கட்டிலில் வந்து உட்கார்ந்து தலையணை உறைக்குள் கையை விட்டார். ஏதோ குத்தியது. மாத்திரை அட்டையிலிருந்து கிழித்து, ஒரு பக்கம் மடித்து அழுத்திய தகடு. நர்ஸுகள் குப்பை என்று விட்டுவிட்டிருப்பார்கள். அதன் ஓரத்தில் காய்ந்த நுரை. அதைக் கொண்டு ஒரு தாடியை எடுக்க முடியாது. எந்தக் கொம்பனாலும் முடியாது. தோல் நாராய்க் கிழிந்துவிடும். ஆனால் டிரைவர் கன்னத்தில் ஒரு கீறல் இல்லை.

கன்னத்தில்தான் இல்லை. டிரைவர் தலையைத் தூக்கித் தண்ணீர் குடித்தபோது தெரிந்தது. தொண்டையில், கழுத்துச் சங்குக்குக் கீழே, குறுக்காக ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. ரத்தம் வரவில்லை. வெட்டுவதற்கு முன்னால் துணியில் தையல்காரர் போட்டு வைக்கிற கோடு மாதிரி, நேராக, அளந்து, ஒரே இழுப்பில்.

சலூன்காரருக்குக் கை கால் ஓடவில்லை. கை ஓடவில்லை என்பதுகூடப் பேச்சுக்குத்தான். கை அவரிடம் இல்லை. மடியில் இரண்டும் அமைதியாக, ஒன்றின்மேல் ஒன்று வைத்தபடி இருந்தன. அப்படி அவர் வைக்கவில்லை.

சொல்லிவிட வேண்டும். கட்டிப் போடட்டும். ஊசி போடட்டும். எத்தனை மாதம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். எழுந்து நர்ஸின் மேஜைவரை போனார். "சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் கை..."

"உங்க கையைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம் ஐயா" என்றார் நர்ஸ், முகமெல்லாம் சிரிப்பாக. சாயங்காலம் மறுபடி பார்க்க வந்திருந்த மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். "டாக்டர் நாளைக்கே போகலாம்னுட்டாரு. இந்த வார்டுல இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் நின்னதில்ல."

மகள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த கையோடு அவர் கைகளை இரண்டு கைகளாலும் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "அப்பா, எங்க நீங்க எனக்கு இல்லாமப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேம்ப்பா."

"என்ன ஐயா, ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றார் நர்ஸ்.

சலூன்காரர் மகளைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. நன்றி சொல்லத்தான் வந்தேன்."

மணிக்கட்டில் பிடி ஒரு தடவை இறுகித் தளர்ந்தது. தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

வீட்டில் நாலைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிட்டார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டிக்கழித்துப் பார்த்தார். மகள் விடவில்லை. "நீங்க வீட்டுல சும்மா இருந்தாத்தான் மறுபடி அதைத் தேடிப் போவீங்க" என்றாள். அவள் சொன்னதிலும் தவறில்லை.

கடையைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தாள். எதிரெதிராக இரண்டு கண்ணாடிகள். அவற்றுக்குள் நாற்காலிக்குப் பின்னால் நாற்காலி, அதற்குப் பின்னால் இன்னொரு நாற்காலி என்று முடிவில்லாமல் போகும் வரிசை. படிகாரக் கல்லின் வாசனை. பவுடர் வாசனை. வெயில் ஷட்டருக்கு வெளியே காய்ந்துகொண்டிருந்தது. நல்ல பகல்.

மாப்பிள்ளை வந்து நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தார். தாடையில் பழைய வெட்டு வெள்ளையாக ஆறியிருந்தது. "ஆரம்பிங்க மாமா. ஊர்ல எவன் என்ன பேசினாலும் இந்த முகத்தைக் காட்டி வாயை அடைச்சுடறேன்."

"இன்னைக்கு வேண்டாம் மாப்பிள்ளை. எழுந்திருங்க."

"அட, பயப்படாதீங்க மாமா."

"நிஜமாத்தான் சொல்றேன். எழுந்திருங்க. என் கை சரியில்ல."

மகள் சிரித்தாள். "உங்க கையை நீங்களே பாருங்கப்பா."

பார்த்தார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே கைகள் வேலையைத் தொடங்கியிருந்தன. துணியைப் போர்த்தியாயிற்று. நுரை தடவியாயிற்று. பிளேடை இரண்டாக உடைத்துக் கத்தியில் பொருத்துகிற டிக் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தார்.

கட்டைவிரல் தோலை இழுத்தது. சுண்டுவிரல் ஊன்றியது. முதல் இழுப்பு. சுத்தமான இழுப்பு.

நடுங்கு, என்று கையிடம் கெஞ்சினார். இவ்வளவு காலமாக எதை நிறுத்தச் சொல்லி அழுதாரோ அதை இப்போது கேட்டு அழுதார். ஒரே ஒரு நடுக்கம். விரல் ஒரு தடவை உதறினால் போதும், கத்தி கீழே விழுந்துவிடும். பாதங்கள் பரபரத்தன. தொடை ஆடியது. பல் கிட்டியது. உடம்பெல்லாம் ஆடியது. கை ஆடவில்லை.

பழைய வெட்டைக் கத்தி ஒதுங்கிக் கடந்தது. தாடை முடிந்தது. இடது கை மாப்பிள்ளையின் மோவாயைத் தொட்டு, மெதுவாக, மரியாதையாக, இன்னும் கொஞ்சம் மேலே தூக்கியது. தொண்டை முழுக்கத் தெரிந்தது. கத்தி, கழுத்துச் சங்குக்குக் கீழே வந்து படுத்தது.

இப்போது கத்தினால் மாப்பிள்ளை திடுக்கிட்டு அசைவார்.

கண்ணாடியைப் பார்த்தார். எதிர்க் கண்ணாடியில், அதற்குப் பின்னால் உள்ளதில், அதற்கும் பின்னால். ஒவ்வொன்றிலும் அவருடைய இரண்டு மணிக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் தோல் நான்கு இடங்களில் பள்ளமாக, வெள்ளையாக அமுங்கிக்கொண்டே போனது.

"மாப்பிள்ளை..." காற்றாகத்தான் வந்தது குரல்.

"நீங்க பாட்டுக்குச் செய்யுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை, உதடு அசையாமல். "நான் அசையவே மாட்டேன்."

வாசலில் நின்ற மகள், கண்ணாடி வழியாக அந்தக் கையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள்.